மன்னிக்கப்பட்டவன் வாய் திறந்தபோது

பிள்ளைகளே, வாலிபர் கூட்டம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்பதுண்டு: “ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றால், பழையதை மறுபடி ஏன் கிளற வேண்டும் ஐயா?” நியாயமான கேள்வி. அதற்கு வேதத்தில் முதலில் சகேயுவின் வீட்டைப் பாருங்கள்.

அவன் எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன். ஊரை ஏய்த்துச் சேர்த்த பணம் வீட்டில் இருக்கிறது. அவன் ஒரு காசுகூடத் திருப்பித் தருவதற்கு முன்பே இயேசு காட்டத்தி மரத்தடியில் நின்று, அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் சகேயு எழுந்து கணக்குச் சொல்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காக உரியவர்களுக்கு. அவனிடம் யாரும் கேட்கவில்லை. கிருபை முதலில் வந்தது, அதனால் கை திறந்தது. இந்த வரிசையை மாற்றினால் மன்னிப்பு விலைக்கு வாங்கும் பொருளாகிவிடும். இரண்டாவதை விட்டுவிட்டாலோ, ஏமாந்தவன் வாசலிலேயே நிற்பான்.

சகேயுவால் திருப்பித் தர முடிந்தது. திருப்பித் தரவே முடியாத பாவத்துக்கு என்ன செய்வது? இந்த இடத்தில்தான் எனக்கு ஜான் நியூட்டன் நினைவுக்கு வருகிறார். ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதியவர்.

அவர் கதையைப் பிரசங்கங்களில் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள்: அடிமைக் கப்பல்காரன், புயலில் சிக்கினான், ஜெபித்தான், அன்றே திருந்தினான் என்று. நடந்தது அப்படியல்ல. 1748 மார்ச்சில் வடக்கு அட்லாண்டிக் கடலில் கப்பல் உடைந்து மூழ்கும் நிலையில் அவர் கடவுளைக் கூப்பிட்டது உண்மை. ஆனால் அதே ஆண்டில் அடிமைக் கப்பல் ஒன்றில் துணைத் தலைவராக மறுபடி ஏறினார். 1750 முதல் 1754 வரை கப்பல் தலைவராக மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் விலங்கோடு கிடந்தார்கள். ஜெபித்த அந்த மனிதருக்கு அவர்களுடைய கண்ணீர் உறைக்கவில்லை. கடலை விட்டதும் மனச்சாட்சியால் அல்ல, உடல்நலம் குன்றியதால்தான்.

இதை நான் அவரைப் பழிக்கச் சொல்லவில்லை. கடவுள் ஒருவனை ஏற்றுக்கொண்ட பிறகும், அவன் கண் திறக்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். நியூட்டனே பின்னாளில், அந்தப் புயலுக்குப் பிறகும் வெகுகாலம் தன்னை முழு விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று எழுதினார்.

1764-இல் ஓல்னி என்ற சிற்றூரில் குருவானவரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டு பிறந்தது. அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது 1788-இல், கடலை விட்டு 34 ஆண்டுகளுக்குப் பிறகு! ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டு, அதில் தானும் ஒரு கருவியாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். கப்பலில் நடந்த கொடுமைகளை நேரில் கண்ட சாட்சியாக விவரித்தார். நாடாளுமன்ற விசாரணையிலும் போய்ச் சாட்சி சொன்னார். மதிப்புள்ள லண்டன் போதகர் அப்போது அவர். மௌனமாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடலில் மாண்டவர்களை அவரால் எழுப்ப முடியாது. விற்கப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து வீட்டில் சேர்க்கவும் முடியாது. அவர் கையில் மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான், அதைக் கொடுத்தார். தன்னைக் கடவுள் தள்ளிவிடமாட்டார் என்ற நிச்சயம் இல்லாதவன் அப்படி ஊரறியத் தன்னைத் திறந்துகாட்ட முடியாது என்றே நினைக்கிறேன். பயந்தவன் பாவத்தை மூடுவான். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது, அந்த டிசம்பரில் அவர் இறந்தார்.

நீங்கள் யாரும் கப்பல் ஓட்டவில்லை. ஆனால் வாங்கிய கடனை மறுத்திருக்கலாம், ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் பரப்பியிருக்கலாம், பாகப் பிரிவினையில் அண்ணனின் பங்கைக் குறைத்திருக்கலாம். ஜெபத்தில் அழுதீர்களா, நல்லது, ஆண்டவர் கேட்டார். இனி அந்த ஆளின் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். அவர் மன்னிக்காமல் கதவைச் சாத்தலாம், அது அவர் உரிமை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.