ஜவுளிப் பட்டியலின் கடைசி வரி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அய்யலூரின் முகமே மாறிவிடும். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த கரடுகளின் மேல் பச்சை படரும். வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் கொட்டும். ஒரு நாள் ஏமாற்றும். பண்டைத் தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர்க்காலம் என்றனர். அச்சொல்லின் உறவான 'கூதல்' என்னும் சொல்லை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் குளிருக்கு வழங்குகின்றனர். மழையும் கூதலும் கைகோத்து வரும் அந்த நாட்களில்தான், ஆண்டுக்கு ஒரு முறை, நாங்கள் ஜவுளி எடுக்கப் போவோம்.

'துணி வாங்கப் போகிறோம்' என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்லமாட்டார்கள். துணி வாங்குவது என்றால் கிழிந்த துண்டுக்கு மாற்றுத் துண்டு வாங்குவது. 'ஜவுளி எடுப்பது' என்றால் அது குடும்பமே கூடிச் செய்யும் ஒரு பெருங்காரியம்.

கிறிஸ்து பிறப்பு விழாவோ மார்கழியில் வருகிறது. அதற்கு ஐப்பசியிலேயே எதற்குத் துணி என்று இக்காலப் பிள்ளைகள் கேட்கக்கூடும். அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. தீபாவளிக்கு முன்புதான் கடைகளில் புதுச் சரக்கு வந்து குவியும். 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக் கடைகளில் தள்ளுபடியும் அப்போது கிடைக்கும். எங்கள் ஊர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் கிடாய்க்கு நல்ல விலை போவதும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான். தையற்காரரோ தீபாவளி முடியும் வரை நிமிரமாட்டார்; அதன் பிறகு அவர் கை ஓயும்போது எங்கள் துணி அவரிடம் போய்ச் சேரும். ஆக, ஆட்டை விற்பதிலிருந்து காஜா எடுப்பது வரை எல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்கியிருந்தது.

சந்தையில் கிடாய்களை விற்றுவிட்டு வந்த இரவே அப்பா அரிக்கன் விளக்கின் அருகில் அமர்ந்துவிடுவார். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், பென்சில் முனையை நாவில் தொட்டுத் தொட்டு, ஜவுளிப் பட்டியல் எழுதுவார். முதல் வரி அப்பாயிக்கு, ஒரு நூற்சேலை. அடுத்த வரிகள் பிள்ளைகளாகிய எங்கள் நால்வருக்கு. பிறகு அம்மாவுக்கு. கடைசி வரி அவருக்கு. அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறோம்.

சனிக்கிழமை விடியலில் மீட்டர்பாதைப் பயணிகள் வண்டியில் ஏறுவோம். திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே 1875-ஆம் ஆண்டு முதல் ஓடிய பாதை அது, இப்பொழுது அகலப்பாதையாகிவிட்டது. அடுத்த வீட்டு மாமா குடும்பமும் எங்களோடு வரும். அவர்களுக்குத் தீபாவளி, எங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு. பண்டிகை வேறானாலும் பயணம் ஒன்றுதான். வடமதுரை, தாமரைப்பாடி நிலையங்களைக் கடந்து, மலைக்கோட்டையின் மொட்டைப் பாறை கண்ணில் பட்டதும், 'திண்டுக்கல் வந்துவிட்டது' என்று கூவுவோம்.

சென்னையில் 1863-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்பென்சர் போன்ற பெருங்கடைகளைப் பற்றி அப்போது நாங்கள் கேள்விப்பட்டதும் இல்லை. எங்களுக்குத் திண்டுக்கல் கடைவீதியிலிருந்த அந்த ஜவுளிக்கடையே உலகத்தின் பெருங்கடை. கீழே வேட்டி, துண்டு, சேலை. மாடியில் சட்டைத் துணியும் பாவாடைத் துணியும். உட்புறத்தில் போர்வை, ஜமக்காளம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் வெள்ளை விரிப்பிட்ட மெத்தை. வாடிக்கையாளரும் அதில் அமர வேண்டும். கடைக்காரரும் அதில்தான் அமர்ந்திருப்பார். நின்றுகொண்டு துணி பார்க்கும் வழக்கமே அங்கு இல்லை. புதுத்துணியின் கஞ்சி வாசனையும், சுருளை உதறி விரிக்கும்போது எழும் 'படார்' என்னும் ஓசையும், கல்லாப்பெட்டியின் அருகே புகையும் ஊதுவத்தியும் இன்றும் எங்கள் நினைவில் கலந்து நிற்கின்றன. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கலர் உடைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சிவப்பு நீருக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருந்தோம் என்றால் அது மிகையாகாது.

அம்மா எழுத்தறியாதவர், ஆனால் துணியைப் படிக்கத் தெரிந்தவர். முதலில் ஓரக்கரையில் உள்ள ஆலை முத்திரையை எங்களைப் படிக்கச் சொல்வார். பிறகு துணியை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்ப்பார். கஞ்சி உதிர்ந்தால் நெசவு நெருக்கமில்லை என்று பொருள். ஈரமாக்கிய முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார். பருத்திதானா என்று ஐயம் வந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டச் சொல்வார். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கருமணியாகச் சுருளும். கடைக்காரர் கோபித்ததில்லை. 'அய்யலூர் அம்மா வந்துட்டாங்க, தீப்பெட்டியை எடு' என்று அவரே சிரிப்பார்.

பள்ளிக்கூட நிஜாருக்குப் பின்னி ஆலையின் காக்கி டிரில். 1996-இல் அவ்வாலை மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது எங்கள் பால்யத்தின் ஒரு பகுதி மூடப்பட்டதைப்போல் இருந்தது. சட்டைக்குப் பாப்ளின், பாவாடைக்குச் சீட்டித்துணி. நால்வருக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டுவார்கள். ஒரே சுருளில் வெட்டினால் துண்டு மிச்சமாகும். பெரியவனுக்குச் சிறியதானது சிறியவனுக்கு ஆகும். கிழிந்தால் ஒட்டுப்போட ஒரே நிறத் துணி வீட்டிலிருக்கும். மீட்டர்க்கோல் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அப்பாவுக்குக் கஜக்கணக்குத்தான் மனத்தில் ஓடும். வீட்டுக்கு வந்ததும் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே தையற்காரரிடம் கொடுப்பார் அம்மா. பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும் என்பதை அறிந்த முன்யோசனை அது. 'வளர்ற பிள்ளைங்க, மடிப்பு நிறைய விட்டுத் தைங்க' என்பது தையற்காரருக்குக் கூறும் ஆண்டுக் கட்டளை.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா சேலைப் பகுதியில் ஒரு நிமிடம் நிற்பார். மதுரைச் சாலையிலுள்ள சின்னாளப்பட்டியின் சுங்கடிச் சேலைகள் அங்கு அடுக்கியிருக்கும். துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பின் முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெண்புள்ளியாக நிற்கும். 2005-ஆம் ஆண்டு மதுரைச் சுங்கடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புள்ளிகளை அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'அடுத்த வருசம் பார்ப்போம்' என்று, விலை குறைந்த ஒரு நூற்சேலையை எடுத்துக்கொள்வார்.

1970-களின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு. மழை பொய்த்திருந்தது, ஆடுகளுக்கும் நோய் வந்து சிலவற்றை இழந்திருந்தோம். சந்தையில் அப்பா விற்றது ஒரே ஒரு கிடாய். ஆயினும் பட்டியல் எழுதப்பட்டது. கடைசி வரியில் வேட்டி இல்லை; 'கம்பளி 1' என்று மட்டும் இருந்தது. பழைய கம்பளி அந்த ஆண்டு இழை இழையாகப் பிரிந்து போயிருந்தது. கார்த்திகை, மார்கழி இரவுகளில் சோளக் காட்டுக்குக் காவல் போகிறவருக்குக் கம்பளி ஆடம்பரமன்று.

அந்த ஆண்டுதான் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் டெரிகாட்டன் சட்டை அணிந்து வந்தனர். கசங்காது, நனைத்தால் நொடியில் உலரும், வெயிலில் பளபளக்கும். ஒரே சுருளில் வெட்டிய எங்கள் பாப்ளின் சட்டைகளைப் பார்த்து 'பேண்டு செட்டு வருது' என்று அவர்கள் கேலி செய்தனர். அந்தக் கேலி எங்களைச் சுட்டது. கடையில் பாப்ளின் சுருள் விரிக்கப்பட்டபோது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். 'டெரிகாட்டன்தான் வேண்டும்' என்றான் எங்களுள் ஒருவன்; மற்றவர்கள் வாய் திறக்காமலே அதனை வழிமொழிந்தோம். அம்மா அதட்டினார். நாங்கள் கலரைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்பா மடியிலிருந்த பணத்தை எடுத்து எண்ணினார். பட்டியலைப் பார்த்தார். மீண்டும் எண்ணினார். பிறகு, 'பிள்ளைங்க கேக்கறதையே வெட்டுங்க' என்றார்.

கடைக்காரரோ ஏற்கெனவே ஒரு கம்பளியை எடுத்து வைத்திருந்தார். 'ஏன் அய்யலூர்க்காரரே, கூதல் காலத்துக்கு இது வேண்டாமா? பணம் மெல்லக் கொடுங்களேன்' என்றார்.

'இருக்கட்டுங்க. கடன் வேண்டாம். போன வருசத்துக் கம்பளியே இன்னும் நல்லாத்தான் இருக்கு.'

பழுப்பு நிறக் கம்பளி; ஓரத்தில் சிவப்புக் கோடு. அது மடிக்கப்பட்டு மீண்டும் அலமாரிக்குள் போனதை நாங்கள் நால்வரும் கண்டோம். கண்டோம் என்பதை இன்று மறைப்பதற்கில்லை. பழைய கம்பளி எந்நிலையில் இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், மஞ்சள் பையில் எங்கள் டெரிகாட்டன் ஏறுகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கார்த்திகையில் அப்பா கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு காவலுக்குப் போனார். விடியலில் சாக்கு நனைந்து, உடல் நடுங்கத் திரும்பி வருவார். இருமல் தொடங்கியது. விழா இரவில் நாங்கள் பளபளக்கும் சட்டையுடன் கோயிலில் முன்வரிசையில் அமர்ந்திருந்தோம். பின்னால், ஆண்கள் பகுதியில், திருப்பலி முழுவதும் ஓர் இருமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அது எவருடையது என்று எங்களுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க எங்களில் எவருக்கும் துணிவில்லை. பங்குனி வரை அந்த இருமல் அவரை விடவில்லை.

அச்சட்டைகளின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கசங்காது என்றோமே, உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சாமல் உடலோடு ஒட்டிக்கொண்டு எங்களைப் படாதபாடு படுத்தியது. அடுத்த ஆண்டு நாங்களாகவே பாப்ளின் கேட்டோம். அப்பா சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டுகள் கடந்தன. எங்களுள் மூத்தவள் ஆசிரியைப் பணியில் சேர்ந்து முதற்சம்பளம் வாங்கியபோது, நால்வரும் அதே கடைக்குப் போனோம். பழைய கடைக்காரர் இல்லை. அவர் மகன் இருந்தார். பழுப்பு நிறத்தில் சிவப்புக் கோடிட்ட கம்பளியே வேண்டும் என்று தேடி எடுத்தோம். அம்மாவுக்கு ஒரு சுங்கடியும் எடுத்தோம். அப்பா கம்பளியை விரித்துப் பார்த்தார்; விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார்; 'நல்ல சரக்கு' என்றார். எங்கள் கண்ணீருக்கு அவர் அளித்த பதில் அவ்வளவே.

மூன்றாம் ஆண்டுக் கூதலில் அக்கம்பளி எதிர்வீட்டில் தனித்து வாழ்ந்த ஒரு முதியவளின் தோளில் இருந்தது. நாங்கள் பதறிப்போய்க் கேட்டோம். 'எனக்கு இப்போ காவலும் இல்லை, காடும் இல்லை. வீட்டுக்குள்ள படுக்கிறேன். அந்த ஆத்தாவுக்கு யாரு இருக்கா?' என்றார் அப்பா. ஆடையற்றோரை உடுத்துவது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் மனப்பாடமாக ஒப்பித்திருந்தோம். அதன் பொருளை அன்றுதான் கண்ணால் கண்டோம். தனக்கென எடுத்ததை மட்டுமன்று, தனக்கென எழுதியதையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் அவர்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தக் கடையின் இடத்தில் மாடிமேல் மாடியாக, நகரும் படிக்கட்டுகளுடன் வேறொரு கடை நிற்கிறது. மெத்தையில் அமர்ந்து துணி பார்ப்பவர் அரிது. கைப்பேசியைத் தொட்டால் சட்டை வீடு தேடி வருகிறது. பிடிக்காவிட்டால் திரும்பிப் போகிறது. ஜவுளிக்கடைகள் தந்த மஞ்சள் பைகூட மறைந்துபோய், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் நடத்தி அதனை நினைவூட்ட வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் குறைகூற நாங்கள் முற்படவில்லை. அம்மாவின் காலத்தில் இவ்வசதி இருந்திருந்தால் ஈரமுந்தானையுடன் அவர் அரைநாள் அலைந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. அன்று ஜவுளி எடுக்கப் போகுமுன் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் நினைத்து, அவரிடம் என்ன இருக்கிறது, எது கிழிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பட்டியல் அது. இன்று அவரவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றனர். கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்துவிடுகிறது. கேட்கத் தெரியாதவரை, கேட்க மனமில்லாதவரை, எவர் நினைப்பார்?

ஆதலால் எங்கள் நால்வர் வீடுகளிலும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். ஐப்பசியில், கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்த மாலையில், தாளும் பென்சிலுமாக அமர்ந்து பட்டியல் எழுதுகிறோம். அப்பா கடைசியில் எழுதிய வரியை நாங்கள் முதலில் எழுதுகிறோம். வீட்டில் எதுவுமே கேட்காதவர் எவரோ, அவர் பெயர் முதல் வரியில். தெருவில் கேட்க ஆளில்லாதவர் எவரோ, அவர் பெயர் இரண்டாம் வரியில். பிள்ளைகளின் பெயர்கள் அதற்குப் பின்னரே. பேரப்பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்பொழுது அவர்களே, 'இந்த வருசம் முதல் வரியில் யார்?' என்று கேட்கிறார்கள்.

இவ்வாண்டும் விழாவுக்கு ஜவுளி எடுக்கப் புறப்படும் பங்குக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே. கடை எதுவாயினும் ஆகுக. துணி எதுவாயினும் ஆகுக. புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். 'எனக்கு ஒன்றும் வேண்டாம், இருப்பதே போதும்' என்று சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். அவருடைய பழைய கம்பளியை ஒரு முறை எடுத்து விரித்துப் பாருங்கள்.