'ஃபேர்' என்றொரு சொல்

கரும்பலகையில் 'ஃபேர்' என்று எழுதினோம். ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள். பொருளோ ஒன்றல்ல, இரண்டல்ல. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு அவற்றை அடுக்கிக் காட்டினோம். பட்டம் பெற்றோம் என்ற பெருமிதம் நமக்கு!

மழையற்ற தெளிந்த வானிலை ஃபேர். திடலில் கூடும் சந்தையும் ஃபேர். அது விழாநாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த வேறு சொல், ஒலியால் மட்டுமே உறவு. பிழை நீக்கி அழகுற எழுதும் ஏடு ஃபேர் நோட்டு. மதிப்பெண் அட்டையில் அச்சொல் வந்தாலோ, 'ஏதோ பரவாயில்லை' என்று பொருள். நியாயவிலைக் கடையின் ஆங்கிலப் பெயரிலும் அதுவே. அங்கே அது நீதி. அழகும் ஃபேர், வெளுத்த மேனியும் ஃபேர்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, நியாயமும் ஃபேர், வெளுப்பும் ஃபேர் என்றால், என்னைப் போலக் கறுப்பாக இருப்பது நியாயம் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. முந்திய மாதந்தான், பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் அரசகுமாரி வேடம் கேட்டு வந்தவள் அவள். வசனத்தைப் பிசகின்றிப் பேசினாள். வேடத்தை வேறொரு சிறுமிக்குக் கொடுத்துவிட்டு, இவளைச் சாமரம் வீசும் பணிப்பெண்ணாக நிறுத்தினோம். காரணம் கேட்டவர்க்கு, 'குரல் எடுபடாது' என்றோம். பொய்! எடுபடாது என்று நாம் முடிவு கட்டியது குரலை அன்று, நிறத்தை. சாதி பேதம் சாடும் நாவும் நமதே. இதைச் செய்த கையும் நமதே!

அன்றிரவு அகரமுதலியைப் புரட்டினோம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இனியது, அழகியது என்பதே பொருள். வெளுத்ததே அழகென்று கருதியவர் நாவில், அழகின் பெயர் வெளுப்பின் பெயராயிற்று. நீதி என்ற பொருளும் அதே வேரில் கிளைத்ததுதான்: தக்கது, பொருந்துவது, ஒருபால் சாயாதது. ஒரு தாய்க்கு இரு பிள்ளைகள். ஒன்று நேர்மை, மற்றொன்று ஓரவஞ்சனை! 1609இல் வெளிவந்த தம் பதினான்கடிப் பாடல்களில் ஷேக்ஸ்பியர் கருநிற மங்கை ஒருத்தியைப் பாடியபோது, இச்சொல்லின் இரட்டைப் பொருளை வைத்தே விளையாடினார்.

நம் நாட்டில் 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு கடைக்கு வந்தது. 45 ஆண்டுகள் கழித்து, 2020இல், அப்பெயரிலிருந்து 'ஃபேர்' நீக்கப்பட்டது. பெயரை விட்டுச் சொல் போயிற்று. நெஞ்சை விட்டு எண்ணம் போயிற்றா? மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

ஆங்கிலத்தைப் பழித்துவிட்டு நாம் தப்பிவிட முடியுமோ? தமிழில் செம்மை என்றால் நேர்மை, சிவப்பும் அதுவே. நீதி வழுவா ஆட்சிக்குச் செங்கோல் என்று பெயர் வைத்தோம். அந்தச் சிவப்பையே வெளுத்த மேனிக்குச் சூட்டி, 'பெண் நல்ல சிவப்பு' என்று பெண்பார்க்கும் கூடத்தில் விலை பேசுகிறோம். அழுக்கு சொல்லில் இல்லை. சொல்பவர் உள்ளத்தில் இருக்கிறது.

மறுநாள் வகுப்பறிய அம்மாணவியிடம் சொன்னோம்: "நியாயம் இல்லாதது உன் நிறம் அன்று, அம்மா. அந்த வேடத்தை உனக்கு மறுத்ததுதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையசைத்து அமர்ந்தாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

இவ்வாண்டு நாடகத்துக்குப் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னே நிற்கவைத்து வசனம் பேசச் செய்தோம். முகம் பாராது, குரல் கேட்டே தேர்ந்தோம். அரசி வேடம் அவளுக்கே கிடைத்தது. நாம் வழங்கிய சலுகை அன்று அது. அவள் வென்ற உரிமை.

தோழர்களே! அகரமுதலியைத் திருத்துவது ஒருநாள் வேலை அன்று. ஆனால் வேடம் கொடுக்கும்போதும், வேலை கொடுக்கும்போதும், பெண் கேட்கும்போதும் நம் கண்ணைத் திருத்திக்கொள்ள ஒருநாள் போதும். அந்நாள் இன்றாகட்டும்!