வில் வண்டியும் கட்டை வண்டியும்

என் மகள் வயிற்றுப் பேரன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய மறுநாளே திருத்தங்கலுக்கு ஓட்டி வந்து, அவன் ஆச்சியை முன் ஸீட்டில் உட்காரவைத்து, நின்ற நாராயணப் பெருமாள் கோயில் அடிவாரம் வரை அழைத்துப் போனான். அன்று முதல் மதுரையில் டாக்டரைப் பார்ப்பதற்கு அவன் கார்தான். என் மனைவிக்கு முதுகெலும்புத் தேய்மானம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும்.

சென்ற தீபாவளி முடிந்து போனஸ் வந்த கையோடு காருக்கு ஒரு வேலை செய்தான். நாலு சக்கரத்து ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டுக்கொண்டான். கார் 40 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல்கடை அளவு, தரையை நோக்கி இறங்கிவிட்டது. வாசலில் நிறுத்தி, "எப்படி இருக்கு தாத்தா?" என்றான். அழகாகத்தான் இருந்தது. பாயப் போகும் பூனை மாதிரி பதுங்கி நின்றது. நானும் காரைக்காலில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிளின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி ஓட்டியவன்தான். அவனை என்ன சொல்ல?

அந்த முறை மதுரைக்குப் புறப்பட்டோம். நம் ஊர்ப் பக்கம் கரிசல் மண் என்பது உங்களுக்குத் தெரியும். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார்ச்சாலையும் அதோடு சேர்ந்து அலை அலையாகப் போய்விடும். முன்பெல்லாம் அந்த அலையைக் கார் உள்வாங்கிக்கொள்ளும். இப்போது ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து இடித்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் கார் ஒரு தடவையோடு நிற்காமல், இரண்டு மூன்று தடவை குதித்துக்கொண்டே போயிற்று. வேகத்தடையில் அடிவயிறு 'கரக்' என்று தேய்ந்தது.

ஆமத்தூர் தாண்டி ஒரு வளைவு. நடுவில் ஒட்டுப் போட்ட பள்ளம். பேரன் ஒன்றும் பறக்கவில்லை, ஐம்பதில்தான் போனான். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் 'டொம்' என்று ஒரு சத்தம். காரின் பின்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போய்த் தரையைத் தொட்டது. எதிரே பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அந்த டிரைவர் சட்டென்று ஒதுங்கியதால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி மேலே இருந்த கைப்பிடியை மதுரை வரை விடவில்லை. அடுத்த முறை தேதி நெருங்கியபோது பேரனுக்குப் போன் போட்டு, "நீ எதுக்குய்யா லீவு போட்டு அலையணும்? நானும் தாத்தாவும் செங்கோட்டை ரயில்ல போய்க்கிறோம்" என்றாள். அவன் புரிந்துகொண்டான். அன்று மாலையே வந்து திண்ணையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரேஸ் கார் எல்லாம் தாழ்வாத்தானே தாத்தா இருக்கு? தாழ இருந்தா ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடும்னு சொன்னாங்களே?"

அவன் சொன்னது பொய்யில்லை. கனம் தரைக்கு அருகில் இருந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். ஆனால் அது இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களுக்குப் பொருந்தும் கணக்கு. அங்கே வேகத்தடை கிடையாது, மாட்டுச்சாணம் கிடையாது, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளமும் கிடையாது.

அப்போதுதான் எனக்கு என் மாமனாரின் வில் வண்டி நினைவுக்கு வந்தது. 1976ல் கல்யாணம் முடிந்து நானும் என் மனைவியும் திருத்தங்கல் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் வில். இரண்டு பேர், மூன்று பேர் என்றால் தொட்டில் மாதிரி வரும். அன்று கல்யாண உற்சாகத்தில் சொந்தக்காரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். வில் மொத்தமாக அமுங்கி அச்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. வீடு வரை ஒவ்வொரு கல்லும் மண்டையில் இடித்தது. வண்டி ஓட்டியவர் சொன்னார்: "வில்லு உக்காந்துட்டா வில் வண்டியும் கட்டை வண்டிதாங்க மாப்பிள்ளை!"

பேரனிடம் இதைச் சொன்னேன். மறுநாள் இருவரும் அவனுக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். காரைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. ஸ்பிரிங் ஒரேயடியாக அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காக்கும் கடைசித் தடுப்பு அது. உயரம் குறைந்ததால் சக்கரம் மேலே போக இருந்த இடம் பாதியாகிவிட்டது. சின்னப் பள்ளத்துக்கே அந்தக் கட்டையில் போய் இடித்திருக்கிறது. இடித்த அடையாளம் அதில் தெரிந்தது. "வளைவுல இது இடிச்சா அந்த நேரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி அண்ணாச்சி. டயரு தரையை விட்டுரும்" என்றார். என் மாமனார் வண்டிக்காரர் சொன்ன அதே கணக்கு.

இன்னும் இரண்டு விஷயம் காட்டினார். புது ஸ்பிரிங் விறைப்பு அதிகம். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எகிறும்போது அதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. போட்டிருந்ததோ கம்பெனி ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர், அதுவும் பழசு. அதனால்தான் குதிப்பு நிற்கவில்லை. அடுத்து, உயரம் மாறியதும் முன்சக்கரத்தின் சாய்மானம் மாறிவிட்டது. அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டியதில் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகியிருந்தது.

வேகத்தடைக் கணக்கு எனக்கே தெரியும். புதுச்சேரி பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தபோது அந்த அளவுகளை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன்! இந்தியச் சாலைப் பேரவையின் அன்றைய விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிப் போட்டால் நம் சின்னக் கார் முழுசாக அதன் மேல் ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்கள் போடுவதோ குறுகலான மேடு. முன்சக்கரம் தாண்டியதும் மேடு வயிற்றுக்கு நேர் கீழே வந்துவிடும். ஸ்விஃப்டின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் 170 மில்லிமீட்டர். அதில் 40 போனால் 130. நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். எதிரே 100 மில்லிமீட்டர் மேடு. தேயாமல் என்ன செய்யும்?

திரும்பி வரும்போது பேரனுக்கு ஒரு கதை சொன்னேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் சொன்னது. சித்ரோயன் கம்பெனி 'தெ ஷ்வோ' என்ற காரை 1948ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. அதை வடிவமைக்கச் சொன்னபோது கம்பெனித் துணைத் தலைவர் பூலான்ஷே போட்ட நிபந்தனைகளில் ஒன்று: கூடையில் முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலில் ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. பார்ப்பதற்குத் தகர டப்பா மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டுபவனை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை நினைத்துச் செய்த கார் அது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகளை இறக்கினான். புது ஷாக் அப்சார்பர் வாங்கி, இரண்டையும் மாட்டி, அலைன்மென்ட்டும் பார்த்தான். போனஸில் மிச்சமிருந்தது அதற்கே சரியாகப் போயிற்று.

வீட்டில் பேரப்பிள்ளைகள் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கார் இறங்கியிருந்தால், திட்டாதீர்கள். ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றினானா, அலைன்மென்ட் பார்த்தானா என்று கேளுங்கள். ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் மட்டும் விடாதீர்கள். அறுத்தால் அது இன்னும் விறைக்கும், இருப்பிடத்திலிருந்து நழுவவும் கூடும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் காதில் போட்டு வையுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த மதுரைப் பயணத்துக்குப் பேரன் காரோடு வந்து நின்றான். "ஆச்சி, வேணும்னா மடியில முட்டை வச்சுக்கிட்டு ஏறுங்க" என்றான். "முட்டை எதுக்கு, நான் ஏறுறதே போதும்" என்று ஏறினாள். ஆமத்தூர் வளைவு வரும்போது திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியில் கை இல்லை. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். பேரனும் கண்ணாடியில் அதைப் பார்த்தான். வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.