காலடியில் கரந்த நஞ்சு

விளையாட்டு உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்கு மலர்ச்சியும் தருவது. பிள்ளைகளைப் 'போய் விளையாடு' என்று அனுப்பும் பெற்றோர் எவரும், அவர்கள் நஞ்சின்மீது ஓடப் போகிறார்கள் என்று எண்ணுவதில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அதுவே நிகழ்ந்தது. அந்நஞ்சின் பெயர் பாதரசம்.

தமிழ் பயிற்றும் எமக்கு இச்செய்தியில் நாட்டம் பிறந்தமைக்கு அப்பெயரே காரணம். சித்தர் இலக்கியத்தை வகுப்பில் விளக்கும்போது இரசவாதத்தைப் பற்றியும் சொல்ல நேரும். நீர்மமாய் ஓடுவது, தொட்டால் சிதறுவது, சூடேறினால் ஆவியாய்ப் பறப்பது பாதரசம். அதனைக் 'கட்டி' மணியாக்குவது இரசவாதிகளின் பெருங்கனவாக இருந்தது. எளிதில் கட்டுக்கு அடங்காத பொருள் அது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இந்த உணர்வு பின்வந்த தொழில்துறைக்கு இல்லாமற் போயிற்று.

1968-இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், அப்போட்டிகளின் வரலாற்றிலேயே முதன்முறையாகச் செயற்கை ஓடுதளம் பயன்பட்டது. அங்கேதான் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 நொடியில் கடந்தார். மழையில் சேறாகாத, வெயிலில் புழுதி எழாத அத்தளத்தைக் கண்டு உலகம் வியந்தது. அதே 1960-கள் தொடங்கி, அமெரிக்கப் பள்ளிகளின் விளையாட்டுக் கூடங்களிலும் ரப்பர் போல் நெகிழும் பாலியூரித்தேன் தரைகள் பரவின. இரு நீர்மங்களைக் கலந்து ஊற்றினால் போதும். அவை தாமே இறுகி, இணைப்பே தெரியாத ஒரே விரிப்பாகிவிடும். சீராக இறுகுவதற்கென அவற்றுட் பலவற்றில் வினையூக்கியாகச் சேர்க்கப்பட்டது பினைல் மெர்குரிக் அசிட்டேட் என்னும் பாதரசச் சேர்மம். ஒரு கிலோகிராம் தரைப்பொருளில் ஓரிரு கிராம் பாதரசம் இருந்ததும் உண்டு என்பது பின்னாளில் சோதனைகளால் தெரிய வந்தது.

இறுகிய தரையில் பாதரசமும் கட்டுண்டு கிடக்கும் என்றே கருதினர். அது கட்டுண்டு கிடக்கவில்லை. அச்சேர்மம் சிறிது சிறிதாகச் சிதைந்து, தனிப் பாதரசமாகி, ஆவியாய் வெளியேறியது. தரை இட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அவ்வாவி ஓயவில்லை. வெப்பம் மிகுந்தால் அது மிகும். காற்றோட்டம் குறைந்தால் கூடத்தில் தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. மூச்சில் புகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் தங்கிவிடுகிறது. நீண்ட நாள் மிகுதியாகச் சுவாசித்தால் கைநடுக்கம், உறக்கமின்மை, நினைவுக் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன தோன்றும். கூடத்துக்கு வந்துபோகும் மாணவரைவிட, நாள் முழுதும் அங்கேயே நின்று பயிற்றும் உடற்கல்வி ஆசிரியர்க்கே இடர் மிகுதி.

2000-க்குப் பின் ஒகையோ, மின்னசோட்டா முதலிய மாநிலங்களில் பள்ளிக் கூடங்களின் காற்றை அளக்கத் தொடங்கினர். அளவு குறைந்த இடங்களில் காற்றோட்டத்தைப் பெருக்கினர். மிகுந்த இடங்களில் தரையையே பெயர்த்தனர். பெயர்ப்பதும் எளிதாக இல்லை. பெயர்த்த தரை பல இடங்களில் நச்சுக் கழிவாயிற்று. அடியிலிருந்த காங்கிரீட்டிலும் பாதரசம் ஊறியிருந்தது.

'நஞ்சாயின் நாற்றம் காட்டிக் கொடுக்காதா?' என்று சிலர் வினவலாம். சில வேளை காட்டும். சீன நாட்டில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில், புதிதாக ஓடுதளம் இட்ட பள்ளிகள் சிலவற்றில் கடுநாற்றம் வீசியது; மாணவர்க்கு மூக்கிலிருந்து குருதி வடிந்தது; தலைசுற்றல் கண்டது. பெற்றோர் திரண்டு குரல் எழுப்பினர். அதன் பயனாய், பள்ளி ஓடுதளங்களுக்கெனக் கட்டாயத் தர விதி ஒன்று 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சீனத்தில் மூக்கு எச்சரித்தது. அமெரிக்காவில் எச்சரிக்க எதுவும் இல்லை. ஆதலால் நாம் நம்பத்தக்கது சோதனை ஒன்றே.

பாதரசத்தின் கொடுமை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. அதன் மண்ணில் தங்கிய பாதரசத்தைப் பற்றிய வழக்கும் வாதமும் அதன்பின் பல்லாண்டு தொடர்ந்தன. 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாலியூரித்தேன் செய்வதில் பாதரச வினையூக்கியைப் பத்தாண்டுகளுக்குள் கைவிடுவதை இலக்காக வைத்தது. இந்தியா 2018-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. இவ்விதி நன்று. ஆயினும் ஒரு கூடத்தின் வாயிலில் நின்று விதி காவல் காப்பதில்லை. காக்க வேண்டியவர் நாமே.

அண்மையில் எம் இளைய மகள் பயிலும் பள்ளியில் இறகுப்பந்துக் கூடத்துக்குச் செயற்கைத் தரை இட்டனர். அதன் வண்ணம், விலை, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பனவெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் விரித்துரைக்கப்பட்டன. 'இதில் என்னென்ன கலந்துள்ளன? சோதனைச் சான்று உண்டா?' என்று யாம் வினவினோம். 'நல்ல சரக்குதான் சார், பல பள்ளிகளில் போட்டிருக்கிறோம்' என்பதே ஒப்பந்தக்காரர் அளித்த மறுமொழி. அத்தரை தீயது என்று யாம் கூறவில்லை. நல்லது என்று கூறவும் எம்மிடம் சான்றில்லை. சான்று வேண்டி எழுதிக் கொடுத்துள்ளோம். அது வரும்வரை கூடத்தின் சன்னல்களைத் திறந்து வைக்குமாறும் கேட்டுள்ளோம். மகளோ மாலைதோறும் அங்கேதான் ஆடுகிறாள்.

மீண்டும் மண்தரைக்கே திரும்புவோம் என்பது எம் கருத்தன்று. வழுக்கி விழாத, மூட்டுக்கு இதமான தரை பிள்ளைகளுக்கு வேண்டியதே. ஆனால் உண்ணும் பொருளின் உறையில் உட்பொருள்களை அச்சிட்டுக் கேட்கும் நாம், நாள்தோறும் மூச்சு வாங்கும் இடத்தின் உட்பொருளையும் கேட்டறிதல் வேண்டும். கல்விக்கூடம் நடத்தும் பெரியோர், விலைப்புள்ளி கேட்கும் அதே மடலில் சோதனைச் சான்றையும் கேட்பாராக. பழைய தரையைப் பெயர்க்குமுன் அதனைச் சோதித்தறிவாராக. வேதியியல் பயிலும் எம் மாணவச் செல்வங்கள், தாம் கற்றதை ஆய்வகத்தோடு நிறுத்தாமல், தம் ஊர்ப் பள்ளியின் தரை வரை கொண்டு செல்வாராக. அறிவு பிள்ளைகளின் காலடிக்கும் காவலாதல் வேண்டும்.