நான்கு பருவங்களும் ஒரு கமராவும்

கமராவுடன் ரொறன்ரோ நகரில் நடந்து திரியும் எமக்கு நான்கு பருவங்களும் நான்கு ஆசான்கள். இளவேனிலில், 1959 இல் டோக்கியோ மக்கள் அளித்த கொடையுடன் தொடங்கிய ஹை பார்க் செரிச் சோலை பூத்துக் குலுங்கும். கோடையில் ஸ்காபரோ புளஃப்ஸ் மண்முகடுகள் காலை வெயிலிற் பொன்னிறம் கொள்ளும். இலையுதிர் காலத்தில் றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு செம்மை பூணும்.

பனிக்காலமோ கண்டிப்பான ஆசான். வெண்பனியைக் கமரா சாம்பல் நிறமாகவே காட்ட முற்படும்; ஆகையாற் சற்றுக் கூடுதலான ஒளியை நாமே அனுமதித்தல் வேண்டும். குளிரில் மின்கலம் விரைவிற் சோர்ந்துவிடும்; மேலதிக மின்கலத்தை உடற்சூடு படும்படி உட்பையில் வைத்திருத்தல் நன்று.

பருவங்கள் ஆண்டுதோறும் மீண்டு வரும். நகரமும் மனிதரும் அவ்வாறல்லர். 1985 இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில், 2023 யூலையில் தடம்புரண்டதன் பின்னர் மீண்டும் ஓடவேயில்லை. நம்மவர் பலர் வேலைக்கும் கல்விக்கும் ஏறிச்சென்ற அவ்வண்டி இனிப் படங்களிலேயே ஓடும்.

1995 இல் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் இடம்பெயர்ந்தோர் பலர் குடும்பப் படங்களையும் விட்டே வந்தனர். அப்பப்பாவின் முகத்தை ஒரு படத்திலேனும் கண்டிராத பிள்ளைகள் எம்மிடையே உளர்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பூவையும் பனியையும் மட்டும் படம்பிடித்து அமையாதீர்கள். பூத்த மரத்தடியிலே அம்மம்மாவையும் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படமாயினும் அதனை அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், இடம், நாள் மூன்றையும் தமிழில் எழுதி வையுங்கள்.