அரிதிற் கடத்தி

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் தனிப் பாடமாக ஆரம்பிப்பது தொடக்கநிலை 3-இல். பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குள் உலகத்தைப் பற்றி அதற்குப் பல முடிவுகள் வந்துவிட்டிருக்கும். இரும்பு ஜில்லென்று இருக்கும், கம்பளி சூடு கொடுக்கும், கனமான பொருள் தண்ணீரில் மூழ்கும். எல்லாம் தொட்டும் போட்டும் தானாகக் கற்றுக்கொண்டது. ஆகவே அறிவியல் ஆசிரியர் நுழைவது காலி வீட்டுக்குள் இல்லை. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அப்படி நுழையப் போகிறவர் பெரும்பாலும் அறிவியல் பட்டதாரியாக இருக்கமாட்டார். தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றையும் எடுப்பது சாதாரணம். என் அக்கா அந்த வகை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். கடைசியாக அறிவியல் புத்தகத்தைத் தொட்டது உயர்நிலை 4-இல். இரண்டு வருடம் அலுவலக வேலை பார்த்துவிட்டு, ஆசிரியராக வேண்டும் என்று தேசியக் கல்விக் கழகத்தில் சேர்ந்தாள். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1973-இல் கல்விக் கழகமாகி, 1991-இல் இன்றைய பெயருக்கு வந்த நிறுவனம். இப்போது இருப்பது நான் மின்பொறியியல் படித்த நன்யாங் வளாகத்துக்குள்ளேயே. நான்கு வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது தொடக்கநிலை 4. பாடம் வெப்பம். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, "நீ இன்ஜினியர்தானடா, வெப்பத்தைப் பத்திச் சொல்லு" என்றாள். சொன்னேன். ஒழுங்காகக் குறிப்பெடுத்தாள். முடிவில், "இது எனக்குப் புரிஞ்சிடுச்சு. பத்து வயசுப் பிள்ளைக்கு இதுல எங்க இடிக்கும்? அதைச் சொல்லு" என்றாள்.

பொறியியல் பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி கிடையாது. 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிந்திருப்பது ஒரு அறிவு. பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிந்திருப்பது இன்னொரு அறிவு. இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் பிள்ளை எங்கே இடறும், எந்த உதாரணம் கைகொடுக்கும் என்பது மூன்றாவது. ஆசிரியருக்கே உரிய அறிவு இந்த மூன்றாவதுதான் என்றார் அவர்.

முதல் அறிவு மட்டும் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு எங்கள் துறையிலேயே உதாரணம் உண்டு. 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஒரு ஆவணப்படத்தில், ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் பட்டமளிப்பு அங்கியோடு நிற்பவர்களிடம் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு வயரைக் கொடுத்து எரியவைக்கச் சொல்கிறார்கள். திணறுகிறார்கள். சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள்தான். பல்பின் அடியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு தொடுமுனைகள் இருப்பதை உற்றுப் பார்க்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வந்ததே இல்லை போல. இங்கே தொடக்கநிலை 5-இல் பிள்ளைகள் செய்யும் சோதனை அது.

அக்காவின் பயிற்சி வகுப்பில் முதலில் பயிற்சி ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்தார்களாம். ஒரு உலோக ஸ்கேல், ஒரு மர ஸ்கேல். எது குளிர்ச்சி? எல்லாரும் உலோகத்தைக் காட்டினார்கள். அறை வெப்பநிலையில் நெடுநேரம் கிடந்த இரண்டிலும் வெப்பமானி ஒரே அளவைத்தான் காட்டியது. உலோகம் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. விரல் உணர்வது அந்த வேகத்தை. "கோட்பாடு எனக்குத் தெரியும்டா. ஆனா வெப்பமானியப் பாத்தப்போ ஒரு செகண்ட் நம்பல. அந்த ஒரு செகண்ட்தான் பிள்ளைங்களுக்கு வேணும்" என்றாள் அக்கா. அடுத்த ஞாயிறு காலை பக்கத்து 'லிட்டில் குவெய்லின்' குளக்கரையில் இரும்புத் தடுப்பையும் மரத்தின் பட்டையையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு வந்தாள். மெதுவோட்டம் ஓடிய ஒரு அங்கிள் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பாடத் திட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது 1980களில் அமெரிக்காவில் உருவான ஐந்து படி முறை: ஈர்த்தல், ஆராய்தல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல். விளக்கம் மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். அதற்கு முன் இரண்டு படிகளிலும் ஆசிரியர் வாயைக் கட்ட வேண்டும். பதில் தெரிந்தவருக்கு அது லேசான வேலை இல்லை.

ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டு தட்டு, இரண்டு ஐஸ் கட்டி. ஒன்றை அப்படியே விட்டாள், இன்னொன்றைத் துண்டால் சுற்றினாள். எது முதலில் உருகும்? அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுத்தாததுதான். எங்க ஊர்ல ஐஸ்காரர் மரத்தூள் போட்டு, மேல சாக்கு சுத்தித்தான் கொண்டுவருவாரு" என்றார். ஐம்பது நிமிடத்தில் ஒரு தட்டில் தண்ணீர். துண்டுக்குள் நெல்லிக்காய் அளவுக்கு ஐஸ் மிச்சம்.

அம்மா சொன்ன மரத்தூளுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1833-இல் பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். கிளம்பியது சுமார் 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் மிச்சமிருந்தது. சென்னை மெரினா எதிரில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-இல் அவருடைய ஐஸைச் சேமிக்கக் கட்டியதுதான். ஐஸ் ஹவுஸ் என்ற பேர் அந்தப் பகுதிக்கு அப்படித்தான் வந்தது. வரலாற்று மாணவியான அக்கா இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "இதை நாலாவது படியில வைக்கிறேன்" என்றாள்.

வகுப்பில் பெரும்பாலான கைகள் துண்டுக்காகத்தான் உயர்ந்தனவாம். துண்டு போர்த்தினால் நமக்குச் சூடாக இருக்கிறதே, ஐஸ் சீக்கிரம் உருகத்தானே வேண்டும்? நல்ல தர்க்கம். அதை அவள் திருத்தவில்லை, வெண்பலகையில் எழுதிவைத்தாள். ஐஸ் திருத்திக்கொண்டது.

சிக்கல் அதற்குப் பிறகு, பயிற்சித்தாளில் வந்தது. துண்டு சுற்றிய ஐஸ் ஏன் மெதுவாக உருகியது? இரண்டு மதிப்பெண். ஒரு பையன், "துண்டு வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். விடைக்குறிப்பு கேட்டது வேறு: துண்டு ஒரு மோசமான வெப்பக் கடத்தி, அதனால் ஐஸ் சுற்றுப்புறத்திலிருந்து மெதுவாக வெப்பம் பெறுகிறது. முக்கியச் சொல் எதுவும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. இங்கே பிஎஸ்எல்இ எழுதிய எல்லாருக்கும் இந்தச் சங்கதி தெரியும். முக்கியச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் துணைப்பாட வகுப்புகள் எந்தப் பேட்டையிலும் உண்டு. ஐஸையே பார்க்காமல் அந்த வாக்கியத்தை எழுதும் பிள்ளைக்கு இரண்டுக்கு இரண்டு.

அன்று இரவு அக்கா மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். "இவன் யோசிச்சிருக்கான்டா. யோசிச்சவனுக்கு சைபர் போட்டுட்டு நான் எதுக்கு வாத்தியார் வேலைக்குப் போகணும்?" அவள் நிஜமாகவே விட்டுவிடுவாளோ என்று தோன்றிய ஒரே இரவு அது. அம்மாதான் தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தை மெல்லக் கூட்டிப் படித்துவிட்டு, "நாங்க இதை அரிதிற் கடத்தின்னு படிச்சோம்" என்றார்.

அரிதிற் கடத்தி. கடத்தவே கடத்தாதது இல்லை, அரிதாகக் கடத்துவது. பையன் எழுதியதில் எது குறைகிறது என்பது அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. துண்டு சூட்டை உள்ளே விடவே இல்லையென்றால் ஐஸ் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது எப்படி?

மறுநாள் அக்கா அந்தத் தாளில் மதிப்பெண்ணை மாற்றவில்லை. வகுப்பிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டாள். உள்ளேயே விடவில்லை என்றால் ஐஸ் ஏன் சின்னதானது? கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு அதே பையன், விடுகிறது, ஆனால் மெதுவாக என்றான். அதற்குப் பிறகுதான் அவள் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினாள். அப்போது அது மனப்பாடச் சொல் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்ட சொல்.

தொடக்கப்பள்ளி அறிவியலுக்கு ஆசிரியரைத் தயார் செய்வது என்றால் எனக்கு இப்போது இதுதான் அர்த்தம்: சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே, அது தேவைப்படும்வரை கொடுக்காமல் இருக்கப் பழக்குவது. இலக்கியம் படிக்கிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பொருள் வருவதற்கு முன்னால் வந்துவிட்ட சொல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

தேர்வு மாறாது, மாறினாலும் மெதுவாகத்தான். இந்தியாவில் ஒரு முறை பெரிதாக முயன்றார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கானது. விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. பிள்ளைகளின் கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் போட சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரையே உருவாக்கினார்கள். ஆயிரம் பள்ளிக்கு மேல் வளர்ந்தது. 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருடம் ஓடியதா, முப்பதே வருடத்தில் முடிந்ததா என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது.

சவாலிராம் கதையைக் கேட்ட பிறகு அக்கா வகுப்பின் பின்சுவரில் ஒரு காகிதம் ஒட்டினாள். பதில் தெரியாத கேள்விகளை எழுத. தனக்குத் தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவளுடைய பெரிய பயம். முதல் கேள்வியை எழுதியது அந்தப் பையன்: எத்தனை துண்டு சுற்றினால் ஐஸ் உருகவே உருகாது?

நேற்று அவள் வீட்டில் இருந்த ஏழு துண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா குளித்துவிட்டு வந்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.