அத்தை கேட்ட முழுப் பாட்டு

எங்கள் ஊர் ஆலத்தியூரில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. சிமென்ட் ஆலை ராப்பகலாக இரைந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் அலமாரியில் பாத்திரம் அதிரும். இவற்றைக் கைப்பேசியில் பிடித்து, கணினியில் வெட்டி ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இசையாக்குவதில் எனக்குத் தீராத ஆசை.

எனக்கு முன்னோடிகள் உண்டு. 1944இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தப், ஸார் என்ற சடங்கில் பெண்கள் பாடியதைக் கம்பியில் பதியும் கருவியில் பிடித்து, சொல் கரைந்து ஒலி மட்டும் மிஞ்சும்படி செய்தார். 1948இல் பாரிஸில் பியர் ஷாஃபர் ரயில் ஓசைகளையே இசைத்துண்டாக்கினார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் அமைத்த கூடத்தில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர் போன்றோர் மூக் என்ற மின்னிசைக் கருவியையும் ஒலிநாடாவையும் வைத்துச் சோதனை செய்தார்கள். நெடுங்காலம் கிடப்பில் கிடந்த அந்த நாடாக்கள் 2023இல்தான் இசைத்தொகுப்பாக வந்தன. அதைக் கேட்ட பிறகு நம் ஊர்ச் சத்தத்திலும் ஒன்று செய்தாக வேண்டும் என்று இருப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் பெரியப்பா இறந்தார். பந்தலில் அத்தை ஒப்பாரி வைத்தார். கூடப்பிறந்த அண்ணனுக்காகத் தங்கை அழுகிற அழுகை அது. சட்டைப்பையில் இருந்த கைப்பேசியை ஓடவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஆலை இரைச்சலை அடியில் பரப்பி, அதன்மேல் அத்தையின் குரலை வைத்தேன். ஒவ்வொரு அடியும் 'அண்ணே' என்றுதான் தொடங்கியது. அந்தக் கூப்பாடு தாளத்தில் உட்காரவில்லை. அதோடு, இது எங்கள் வீட்டுத் துக்கமாக மட்டும் இருக்கக் கூடாது, கேட்கிற யாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு 'அண்ணே'வையும் தேடித்தேடி வெட்டினேன். திரையில் அது சின்ன மேடுபோலத் தெரியும். இரண்டு பக்கமும் கோடு போட்டு அழுத்தினால் போய்விடும். வேலை முடிந்ததும், இடம் அடைக்கிறதென்று கைப்பேசியில் இருந்த மூலப்பதிவையும் அழித்தேன்.

திருச்சியில் நண்பர்கள் கேட்டுவிட்டுப் பாராட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கு வந்து, திண்ணையில் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

ஆலை இரைச்சல் வந்தபோது லேசாகச் சிரித்தார். தன் குரல் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தார். உதடு அசைந்தது, கூடவே பாடுகிறார் என்று நினைத்தேன். அசைந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி அசைந்தது. அடியின் தொடக்கத்தில் மட்டும் உதடு முந்திக்கொண்டு போய், எதுவும் வராமல் காத்து நின்றது. எந்த இடம் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாட்டு இன்னும் பாதிகூட ஓடவில்லை. நிறுத்தவும் கை வரவில்லை.

கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் இருக்கு சாமி. அண்ணனைக் காணோமே?"

நான் பேசவில்லை.

"சரி, நான் அழுதது முழுசா இருக்கும்ல, அதைக் குடு."

அப்போது இன்னொரு குரலின் கதை நினைவுக்கு வந்தது. தைவான் ஆமிஸ் பழங்குடிப் பாடகர் டிஃபாங்கின் குரலை எனிக்மா குழு தன் பாட்டில் சேர்த்திருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் அது ஒலித்தது. அவர் வழக்குத் தொடுத்து, 1999இல் சமரசம் ஆனது. இனி வரும் பதிப்புகளில் பெயர் போடவும் ஒப்புக்கொண்டார்கள். அத்தை கேட்டது பெயரையோ பணத்தையோ இல்லை. அவர் கேட்டதைத் தரும் வழியை நானே அடைத்திருந்தேன்.

அழித்ததை மீட்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கோப்பு வரவில்லை. இன்னொரு தடவை பாடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். "சாவு விழாத வூட்டுல ஒப்பாரி வைக்கலாமா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த இசைத்துண்டை இப்போது யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. பதிவு செய்யப் போகிற இடத்தில் முதலில் கேட்கிறேன். முழுப்பதிவைப் பாடியவரின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த பிறகே வீடு திரும்புகிறேன். அத்தை இன்றும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் நான் அவர் வீட்டுக்குள் நுழையும்போது கைப்பேசியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்.